ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் இருந்தது செக்யூரிட்டி ஆபீஸ். காலை ஆறரை மணிக்கே பதினோரு பேர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாண்டிராஜுக்குக் கிடைத்தது ஒன்பதாம் நம்பர். அவன் காலுக்கு ஏழு போதும். மூலையில் கிடந்த பழைய பேப்பரைக் கிழித்துச் சுருட்டி முன்பக்கம் அடைத்தான். அப்படியும் குதிகால் தனியாக ஆடியது.

செல்லூரில் பதினெட்டு வருஷம் விசைத்தறி ஓட்டியவன். அந்த வேலைக்கு லுங்கியும் வெறுங்காலும் போதும். போன மாசம் முதலாளி கொட்டகையை இழுத்து மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தான். இன்றோடு ஒன்பது நாள். வெளிர்நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்று, வருகிற வண்டிகளின் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நேற்றுச் சாயந்தரம் சூப்பர்வைசர் சோலை போனில் கூப்பிட்டு, "நாளைக்கு ஸ்பெஷல் டூட்டி, ஆபீஸுக்கு வந்துரு" என்றார். ஏதாவது பேங்காக இருக்கும் என்று இவனாக நினைத்துக்கொண்டான். மனைவி முத்துமீனாவிடமும் அப்படியே சொல்லிவிட்டு வந்தான்.

இன்றைக்குக் கொடுத்த உடுப்பு வேறு மாதிரி இருந்தது. பச்சையும் காக்கியும் கலந்த பேண்ட், அதே நிறத்தில் சட்டை, கணுக்காலுக்கு மேல் ஏறுகிற கறுப்பு பூட்ஸ். சட்டையில் கம்பெனி பேட்ஜ் இல்லை. அது இருந்த இடத்தில் தையல் பிரித்த நூல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

லேஸ் எந்தத் துளையில் நுழைந்து எதில் வெளிவர வேண்டும் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த ஜெர்சன் சிரித்தான். இருபது வயசுப் பையன். ராணுவத்துக்கு இரண்டு தடவை ஆளெடுப்புக்குப் போய்த் திரும்பியவன். அடுத்த மாசம் மூன்றாவது தடவை போகிறான்.

"குடுங்கண்ணே, நான் கட்டிவிடுறேன். இது மிலிட்டரி கட்டு. நாம அவுத்தாத்தான் உண்டு, தானா அவுறாது."

பேண்டின் கால்விளிம்பை உள்பக்கமாக மடித்து, ரப்பர் பேண்டு மாட்டி, பூட்ஸ் வாய்க்கு மேலே பலூன் மாதிரி உப்பி நிற்கும்படி இழுத்துவிட்டான். பாண்டிராஜ் எழுந்து நின்றபோது ஜன்னல் கண்ணாடியில் யாரோ ஒரு ஆள் தெரிந்தான். ஒரு கணம் அவனுக்கே திக்கென்றது.

சோலை வரிசையாக ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவன் பேண்டில் சுருக்கம் இருந்தது. அவனை மறுபடி மடிக்கச் சொன்னார்.

"எங்க சார் டூட்டி?" என்றான் பாண்டிராஜ்.

"போனாத் தெரியும். கையப் பின்னால கட்டிட்டு வரிசையா நிக்கணும், அம்புட்டுத்தான். யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது."

வேன் வண்டியூரைத் தாண்டி, ரிங் ரோட்டைக் கடந்து ஒரு மண்பாதையில் இறங்கியது. பாண்டிராஜுக்கு ஒன்றுக்கு வருகிற மாதிரி இருந்தது. சொல்லப் பயமாக இருந்தது.

கருவேலங்காட்டை ஒட்டிய பொட்டலில் ஏழு தகரக் கொட்டகைகள். ஒரு ஜேசிபி ஏற்கனவே வந்து நின்றுகொண்டிருந்தது. இவர்கள் பதினோரு பேரும் வேனிலிருந்து குதித்தபோது பூட்ஸ் சத்தம் ஒன்றாகக் கேட்டது. பல் விளக்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் மடித்துக் கட்டிய லுங்கியைச் சட்டென்று இறக்கிவிட்டார். வாயில் இருந்த நுரையைத் துப்பவில்லை. ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். தகரக் கதவுதான்.

அந்தக் கதவு சாத்திய சத்தத்தில்தான் பாண்டிராஜுக்கு விளங்கியது, இது என்ன டூட்டி என்று. வேனைத் திரும்பிப் பார்த்தான். டிரைவர் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டான்.

முதல் கொட்டகையை ஜேசிபி ஒரே தட்டில் சாய்த்தது. உள்ளே இருந்த குடம் ஒன்று உருண்டு வந்து வரிசைக்கு முன்னால் நின்றது. பதினோரு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது கொட்டகையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராகப் பாண்டிராஜிடம் வந்தாள். ஏன் தன்னிடம் வந்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒருவேளை வரிசையில் கடைசியாக நின்றதால் இருக்கும்.

"சார், கும்புடுறேன் சார். எம்பேரு ராக்கம்மா. கோர்ட்டுல தடை வாங்கியிருக்கோம் சார். இந்தா பேப்பரு. ஒரு தடவ படிச்சுப் பாருங்க சார்."

அவள் நீட்டிய பேப்பரை அவன் வாங்கினான். மேலே கோர்ட்டு முத்திரை இருந்தது. அடுத்த விசாரணை வரைக்கும் யாரையும் காலி செய்யக் கூடாது என்று இருந்த வரியை இரண்டு தடவை படித்தான். சோலை தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ராக்கம்மாள் சட்டென்று குனிந்தாள். அவன் பூட்ஸின் மேல் அவள் இரண்டு கையும் பட்டன. பாண்டிராஜ் பதறிப் பின்னால் நகர்ந்தான். குதிகால் வழுக்கி விழப் பார்த்தான்.

"ஐயையோ, எந்திரிங்கக்கா. நாங்க போலீஸ் இல்ல."

வாய் தவறி வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து, முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போலீஸ் இல்லையா? பெறகு யாரு சாமி நீங்க?"

"செக்யூரிட்டிக்கா. சம்பளத்துக்கு வந்தவக. இந்தாங்க, இந்தப் பேப்பரை விட்றாதீங்க. ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க."

கடைசி வார்த்தை அவனுக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அவளுக்குக் கேட்டது. அவள் எழுந்து கத்தினாள். "ஏய், இவங்க போலீஸ் இல்லையாம்டி! வெளிய வாங்க!"

கதவுகள் திறந்தன. நான்கைந்து பேர் ஜேசிபிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்க ஆரம்பித்தாள். சோலை ஓடி வந்தார்.

"எவன்டா சொன்னது? எவன்டா வாயத் தொறந்தது?"

பாண்டிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அரை மணி நேரத்தில் மண்பாதையில் போலீஸ் ஜீப்பின் புழுதி தெரிந்தது. சோலை யாருடைய பைக்கிலோ ஏறிக் காட்டுப்பக்கமாகப் போய்விட்டார். ஜேசிபி டிரைவரும் இறங்கி நடந்துவிட்டான். ஜெர்சன் பாண்டிராஜின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"அண்ணே, கேஸ் விழுந்தா எனக்கு எந்த செலக்சனும் கிடையாதுண்ணே. நன்னடத்தை சர்ட்டிபிகேட்டே தரமாட்டாங்கண்ணே."

"அப்ப நிக்காத, ஓடுறா."

"இந்த உடுப்போட எங்கண்ணே ஓடுறது? ரோட்டுல பாத்தவுடனே பிடிச்சிருவாங்க." அவன் கீழே உட்கார்ந்து லேஸை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஏட்டு வந்து அவன் காலரைப் பிடித்தார்.

டிரைவர் சாவியைப் போட்டுவிட்டு ஓடியிருந்தான்; வந்த அதே வேனில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனில் பதினோரு ஜோடி பூட்ஸையும் கழற்றச் சொல்லிச் சுவரோரம் அடுக்கினார்கள். பாண்டிராஜின் பூட்ஸிலிருந்து கசங்கிய பேப்பர் வெளியே விழுந்தது. ஏட்டு அதை எடுத்துப் பிரித்து, ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டார்.

"போலீஸ் மாதிரி வேஷம் போட்டு வீட்டை இடிக்கப் போயிருக்கீங்க. யாருடா கூட்டிட்டுப் போனது?" என்றார் கேஸ் எழுத உட்கார்ந்திருந்த ரைட்டர்.

"சோலை சார்."

"முழுப் பேரு? அப்பா பேரு? வீடு எங்க?"

பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. ஆரப்பாளையம் ஆபீஸுக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்பினார்கள். பூட்டிக் கிடக்கிறது என்று போன் வந்தது.

மத்தியானம் ராக்கம்மாள் புகார் எழுதிக் கொடுக்க வந்தாள். ரைட்டர் அவளைக் கூப்பிட்டு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார்.

"இதுல யாரு யாரு வந்தாங்கன்னு பாத்துச் சொல்லு."

அவள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த பதினோரு பேரையும் பார்த்தாள். குழம்பிப்போனாள்.

"எல்லாரும் ஒண்ணு போல பூட்ஸ் போட்டிருந்தாங்க சார். பயத்துல மூஞ்சியெல்லாம் நான் பாக்கல." பாண்டிராஜிடம் வந்ததும் அவள் முகம் தெளிந்தது. "இந்தத் தம்பியத் தெரியும் சார். இவருதான் எங்கிட்டப் பேசுனாரு. நல்ல மனுசன் சார், இவருதான்..."

"தெரியும்ங்கிறியா? போதும்." ரைட்டர் பேனாவை எடுத்தார். "டேய், உன் பேரென்ன?"

"அக்கா, முழுசாச் சொல்லுங்கக்கா" என்றான் பாண்டிராஜ்.

"நல்லவரு சார் அவரு" என்றாள் ராக்கம்மாள் மறுபடியும். "அவரு சொல்லித்தான் நாங்க போனே பண்ணுனோம் சார்."

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லலாம். அடையாளம் காட்டுனது இவனைத்தானே?"

அவள் பாண்டிராஜைப் பார்த்தாள், ரைட்டரைப் பார்த்தாள். தலை ஆடியதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. ரைட்டர் எழுதி முடித்து, எழுதியதை வாசித்தார். முதலாவதாக செல்லூர் பாண்டிராஜ், வயது முப்பத்தெட்டு. அவனுக்குக் கீழே மற்ற பத்துப் பேர். கடைசியில் சோலை என்கிற, முழுப் பெயரும் விலாசமும் தெரியாத ஒருவர். நிலம் யாருடையது, ஜேசிபியை யார் அனுப்பியது என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் இடமில்லை. ஜெர்சன் தன் பெயர் வந்தபோது முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

சாயந்தரம் நான்கு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், ஒரு வக்கீலோடு வந்தார். அவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. வேன் வாடகை வண்டி என்றும், நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் வக்கீல் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது இவர்களுக்குக் கேட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு தடவைகூடச் சுவரோரம் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு வேன் சாவியை வாங்கிக்கொண்டார்.

வெளியே கேட் அருகில் முத்துமீனா நின்றுகொண்டிருந்தாள். யாரோ போனில் வந்த படத்தைக் காட்டி, வேறொரு தறிக் கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவளை அனுப்பிவிட்டிருந்தார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சு. ஜன்னல் கம்பி வழியாக உள்ளே இருந்த முகங்களில் தன் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். வாசல் காவலில் நின்ற சென்ட்ரி அவளை நோக்கி விசிலடித்தார்.

"ஏம்மா, ஓரமா நில்லு. வண்டி வெளிய போகணும்."

அவள் சாக்கடை விளிம்பு வரைக்கும் பின்னால் நகர்ந்து நின்றாள். காலி வேன் அவள் சேலையை உரசிக்கொண்டு ரோட்டில் ஏறியது.