சரிம்மாவின் பதில்

வார்டனம்மா முன்பு ஒரு பெண்கள் விடுதியைக் கட்டி மேய்த்தவள். சாப்பாட்டில் உப்பில்லை, குளிக்க வெந்நீர் இல்லை, பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுகிறாள் என்று பொழுது விடிந்தால் புகார்தான். காது புளித்துப்போய்த்தான் இந்த வேலைக்கு வந்தாள். இங்கேயோ, மூன்று பேரில் ஒருத்தி வாயிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. அதுதான் அவளுக்கு எங்கேயோ உதைத்தது.

வேலை இதுதான். நோய் தணிந்த பிறகும் அழைத்துப்போக ஆளில்லாமல் மனநல மருத்துவமனையில் வருடக்கணக்காகக் கிடப்பவர்களை, மும்மூன்று பேராக, நாலு பேர் வாழும் தெருவில் வாடகை வீடு பிடித்துக் குடிவைப்பது என்று அரசு முடிவு செய்திருந்தது. துணைக்கு ஒரு பொறுப்பாளர். கொஞ்ச காலம் கழித்து டாக்டர் வந்து பார்ப்பார். தன் காரியத்தைத் தானே முடிவு செய்யத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். மற்றவர்கள் வார்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மூவரில் இரண்டு பேரைப் பற்றிக் கவலையே இல்லை. ஒருத்தி பாட்டு வை என்பாள், மற்றவள் சீரியல் வை என்பாள், டி.வி. ரிமோட்டுக்கு அடிதடி. அந்தச் சண்டையைக் கேட்டால்தான் வார்டனம்மாவுக்கு நிம்மதி. மூன்றாமவள்தான் சரிம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதைக் கேட்டாலும் "சரிம்மா" என்பதால் வார்டில் ஒட்டிக்கொண்ட பெயர், கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது.

"ஜன்னலைத் திறக்கட்டுமா?"

"சரிம்மா."

"காத்து ஜாஸ்தியா இருக்கே, மூடிடவா?"

"சரிம்மா."

இது எதுவரைதான் போகும், பார்த்துவிடலாமே என்று வார்டனம்மாவுக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். சரிம்மா அப்படியே போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தாள். இன்னொரு நாள், "டீக்கு சர்க்கரை வேண்டாம், உப்பு போடட்டுமா?" என்று கேட்டாள். "சரிம்மா." போட்டே விட்டாள். சரிம்மா முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

வார்டனம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சீ, என்ன காரியம் பண்ணினோம் என்று ஆகிவிட்டது.

"ஏங்க, வாயில வைக்க முடியாதே அதை! வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சரிம்மா அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாம்னா ஊசி போட்டுருவாங்கம்மா."

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. வார்டுக்குப் போன புதிதில், பச்சைத் தண்ணீரில் குளிக்க மாட்டேன் என்றிருக்கிறாள். நோய் முற்றிவிட்டது என்று ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது என்ன கிழமை என்றே தெரியவில்லையாம். பிறகொரு முறை, தலைமுடியை வெட்ட வேண்டாம் என்றாள். அதற்கும் ஊசி. முடியும் போயிற்று. எதற்கு வம்பு என்று அத்தோடு அந்த வார்த்தையையே விட்டுவிட்டாள்.

வார்டனம்மா மனசுக்குள் பொருமினாள். வேண்டாம் என்றால் நோய் என்று அங்கே அடக்கிவைப்பார்களாம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாவிட்டால் இங்கே இருக்கக் கூடாதாம். நல்ல நியாயம்!

"இங்க யாரும் ஊசி போட மாட்டாங்க. எங்கிட்ட ஒரே ஒரு தடவை 'முடியாது'ன்னு சொல்லுங்க, பார்ப்போம்."

"சரிம்மா."

"சொல்லுங்க!"

"சரிம்மா."

டி.வி. முன்னால் இருந்த இருவரும் சண்டையை மறந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரிம்மாவும் சேர்ந்து சிரித்தாள். வார்டனம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் வந்தார். இந்த வேலைக்குப் புதியவர், இளம் பெண். மற்ற இருவரையும் பார்த்து முடித்ததும் சரிம்மாவை எதிரே உட்காரவைத்தார்.

"இந்த வீடு பிடிச்சிருக்கா?"

"சரிம்மா."

"சமையலுக்கு என்ன வாங்கணும்னு நீங்க சொல்றதுண்டா?"

"சரிம்மா."

டாக்டர் பேனாவை எடுத்தார். வார்டனம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பிடிச்சிருக்கு டாக்டர். சாயங்காலமானா வாசல்ல நின்னு தெருவுல போற வர்றவங்களை எல்லாம் ஆசையா பார்த்துட்டிருப்பாங்க. உள்ள வரவே மனசு வராது."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவங்களே சொல்லட்டும்." டாக்டர் சரிம்மாவின் பக்கம் குனிந்தார். "வண்டி வெளியதான் நிக்குது. எங்கூட வார்டுக்கே வந்துடறீங்களா?"

வார்டனம்மாவுக்கு உயிரே போய்விட்டது. என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியாதா? போயும் போயும் இப்படியா கேட்பார்கள்?

சரிம்மா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"வேண்டாம்மா" என்றாள்.

சொல்லிவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, டாக்டரிடம் கையை நீட்டினாள்.