மூன்று கிளாஸும் ஒரு முகமும்

கண் பரிசோதிக்கிறவனுக்கு முகம் இருக்கக் கூடாது. இது என் தொழில் பெருமை. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஒரு லென்ஸை வைப்பேன், எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பேன். "இது தெளிவா, முன்னாடி போட்டதா?" என்று ஏற்ற இறக்கமில்லாமல் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அது எனக்குச் சிரமமான காரியமே அல்ல. கல்யாணமான புதிதில் என் மனைவி சொன்னாள்: "உங்களுக்கும் பீரோவுக்கும் ஒரே வித்தியாசம்தான். பீரோவைத் திறந்தா சத்தமாவது வரும்."

அதனாலேயே அவளுடைய பயிற்சிக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று இருவரும் நம்பினோம்.

அவள் ஒரு பெரிய ஓட்டலில் பரிமாறுகிறவள். அங்கே ஒயின் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு வர வேண்டுமானால் ஒரு ருசித் தேர்வில் தேற வேண்டும். ஒரே தோட்டத்து ஒயின், மூன்று வெவ்வேறு வருஷத்து அறுவடை. பாட்டிலைக் கண்ணில் காட்டாமல் கிளாஸில் ஊற்றி வைப்பார்கள். எது எந்த வருஷம், எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை தோற்றிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமையும் தோற்றால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

விசித்திரம் என்னவென்றால், வீட்டில் அவள் தவறியதே இல்லை.

ஓட்டலில் பயிற்சிக்காகத் திறந்த பாட்டில்களின் மிச்சத்தைச் சின்னக் குப்பிகளில் கொண்டு வருவாள். பெரும்பாலும் பிரான்சின் போர்டோ பக்கத்துச் சிவப்பு ஒயின். 2009 நல்ல வெயில் கண்ட வருஷம். ஒயின் கொழுகொழுவென்று சிரித்த முகமாக இருக்கும். 2010-க்கும் அதே பலம்தான், ஆனால் விறைப்பு. நாக்கை இழுத்துப் பிடிக்கும். 2013 குளிரும் மழையுமாகப் போன வருஷம். மெலிந்து, புளிப்பேறி, அழைக்காமல் வந்த விருந்தாளியைப்போல் கூச்சத்துடன் தொண்டையில் இறங்கும்.

நான் சமையலறையில் ஊற்றுவேன். கிளாஸின் அடியில் அடையாளத்துக்கு ஒரு வண்ணப் பொட்டை ஒட்டி, வெள்ளை மேஜைவிரிப்பின்மேல் வரிசையாக வைப்பேன். அவள் சாய்த்து ஓரத்து நிறத்தைப் பார்ப்பாள், முகர்வாள், வாயில் சுழற்றிக் கிண்ணத்தில் துப்புவாள்.

"இது வெயில் வருஷம்..." என்று இழுப்பாள்.

நான் பேசாமல் இருப்பேன்.

"...மாதிரி ஆரம்பிக்குது. ஆனா இல்ல. இது 2010."

கிளாஸைத் தூக்கிப் பார்த்தால் சரியாக இருக்கும். தேர்வறையில் மட்டும் தடுமாறுகிறாளே, பயமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை கடையில் எனக்கு நேரமாகிவிட்டது. அன்று ஊற்றிக் கொடுத்தது அவள் அண்ணன். கீழ் வீட்டில் இருக்கிறார், லாரி டயர் வியாபாரம். மிச்சத்தைக் காலி செய்ய நாள் தவறாமல் வருவார். துப்புகிற கிண்ணத்தைப் பார்த்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. "துப்புறதுக்கா அவன் இத்தனை வருஷம் பீப்பாயில வச்சுக் காப்பாத்தினான்?" என்பார்.

நான் நுழைந்தபோது அவள் முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் தப்பு, மாப்பிள்ளை," என்றார் மச்சான். "எத்தனை தடவை ஊத்தினாலும் தப்பு."

"நீங்க இடம் மாத்தி வச்சிருப்பீங்க."

"முந்நூறு டயர்ல ஒண்ணு இடம் மாறினா நான் கண்டுபிடிப்பேன். மூணு கிளாஸ மாத்தி வைப்பனா?"

நானே போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். அவள் மூன்றையும் சரியாகச் சொன்னாள். மச்சான் அவளைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இன்னொரு தடவை ஊத்துங்க. ஊத்திட்டு, கோவிச்சுக்காம கொஞ்சம் வெளிய நில்லுங்க."

மாடிப்படியில் போய் நின்றேன். சிறிது நேரத்தில் உள்ளே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து சொன்னார்: "இவ ஒயின எங்க ருசி பார்த்தா? இத்தனை நாளா உங்க மூஞ்சியத்தான் ருசி பார்த்திருக்கா."

"எனக்குத்தான் மூஞ்சியே கிடையாதே," என்றேன்.

அவள் தலைகுனிந்தபடி சொன்னாள்: "நீங்க சும்மா இருக்கறதுல ரெண்டு தினுசு இருக்குங்க. நான் சரியா சொன்னா வெறுமனே சும்மா இருப்பீங்க. தப்பா சொன்னா, ஐயோ பாவம்னு சும்மா இருப்பீங்க. அது எனக்குத் தெரியும்ங்கறதே எனக்கு இப்பதான் தெரியுது."

மறுநாள் கடைக்கு ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். இரண்டு லென்ஸைக் காட்டி எது தெளிவு என்று கேட்டேன். "ரெண்டாவது," என்றார். நான் பேசாமல் நின்றேன். "இல்ல இல்ல, மொதல்லது," என்றார். இத்தனை வருஷமாக எத்தனை பேர் என் மௌனத்தை மூக்கின்மேல் மாட்டிக்கொண்டு சாலையில் போகிறார்களோ. அவருக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன், இந்த முறை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று.

அன்று மாலை பயிற்சி நேரத்தில் என்னைக் கீழ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டயர் படம் போட்ட நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான் இறங்கி வந்தார்.

"ஒண்ணு சரி, ரெண்டு தப்பு."

"முன்னேற்றம்தானே?"

"கண்ண மூடிக்கிட்டு நான் சொன்னாலே ஒண்ணு சரியா வரும், மாப்பிள்ளை."

வியாழக்கிழமை அவர் எதுவும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அவகிட்ட கேளுங்க. நானும் இப்போ மூஞ்சிய மறைக்கப் பழகிட்டு இருக்கேன்," என்றார். அவளோ, மழை வருஷம் இப்போது தனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது என்றும், மற்ற இரண்டும்தான் இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஏமாற்றுகின்றன என்றும் சொன்னாள். அன்று அவள் தூங்கவில்லை. தூங்கவில்லை என்பதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் படுத்திருந்தேன். அதையும் அவள் படித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை மாலை கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து வீட்டு வாசலில் நின்றேன். தெருமுனையில் திரும்பி மெதுவாக வந்தாள். என்னைக் கடந்து படியேறினாள். பையை வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள். ஒரு வார்த்தை இல்லை.

நானும் பின்னாலேயே படியேறிப் போனேன்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"மூணு கிளாஸ் வச்சாங்க. மழைய ஒதுக்கி வச்சுட்டேன். நாக்கை இழுத்துப் பிடிச்சது 2010, மத்தது 2009ன்னேன். தேர்வு வைக்க வந்த அம்மா உங்கள விடப் பெரிய பீரோ. பேசாம பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், 'மாத்திக்கிறீங்களா?'ன்னாங்க."

"மாத்தினியா?"

"மாத்தல."

மறுபடி தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான், போயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாழ்க்கையில் நான் இடைவிடாமல் பேசியது அன்றுதான். போனால் போகிறது என்றேன். அந்த ஓட்டலில் அவளுடைய அருமை ஒருத்தனுக்கும் தெரியாது என்றேன். மேலாளருக்குப் புளித்த மோருக்கும் போர்டோவுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டேன். அந்தம்மாவின் நாக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன். எல்லாத் தப்பும் என் முகத்தினுடையது என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்சம் திட்டுங்க, கேக்க நல்லா இருக்கு," என்றாள். "திங்கட்கிழமையிலேர்ந்து ஒயின் பொறுப்பு எனக்கு. அந்த மேலாளர் பக்கத்துலதான் மேஜை."