கழற்றாத பூட்ஸ்

எங்கள் வீட்டுக்குள் யாரும் செருப்புக் காலோடு வந்தது கிடையாது. பாஸ்டர் ஐயா கழற்றிவிட்டுத்தான் வருவார். ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள்கூடக் கழற்றினார்கள். அப்படிப்பட்ட வாசலில், என்னைப் பெண் பார்க்க வந்த சுரங்கத் தொழிலாளி ஏனோக், "பூட்ஸ கழட்டிட்டு உள்ள வாங்க தம்பி" என்று அப்பா சொன்னதும் மரம் மாதிரி நின்றுவிட்டார். பிறகு, "இன்னொரு நாள் வர்றேன் மேஸ்திரி" என்று சொல்லி ஜாவா பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார். கூட வந்த அவருடைய அக்கா, கையில் காபி டம்ளரோடு எங்கள் முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பாவம், அவள் ரயிலில் போனாள்.

இது நடந்தது 1970-ல். அப்பா அதே தங்கச் சுரங்கத்தில் டிம்பர் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். தோண்டின இடத்தில் பாறை சரியாமல் மரம் கொடுத்து நிறுத்துவது அவருடைய ஆட்களின் வேலை. மனிதருக்கு நுரையீரல் பாதிதான் மிச்சம், ஆனால் கோபம் முழுசாக இருந்தது.

"பூட்ஸாம் பூட்ஸ்! அது எதுக்குக் குடுத்தாங்க? மைன்ஸ்ல போட்டுக்கறதுக்கு. இவன் அதப் போட்டுக்கினு பைக்ல ஊர் சுத்தறான். தொரைன்னு நெனப்பு" என்று கத்தி, இருமி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கத்தினார். "வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். பூட்ஸ கழட்டிட்டு என் வீட்டுக்குள்ள வந்தா பேச்சு. இல்லன்னா பெங்களூர் ஃபாக்டரி பையனுக்கு சரின்னு சொல்லி அனுப்பிடுவேன்."

என்னைக் கேட்டிருந்த அந்த ஃபாக்டரிப் பையன் எனக்கு வேண்டாம். ஏனோக்கைத்தான் பிடித்திருந்தது. முந்தின வருஷம் அறுப்பின் பண்டிகையில், சர்ச் வாசலில் அத்தனை பெண்கள் முன்னால் அவருடைய வண்டி கிளம்பாமல் நின்றுவிட்டது. வேறு ஒருத்தனாக இருந்தால் வண்டியைத் திட்டியிருப்பான். அவர் இறங்கி, எங்கள் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவனோடு குடித்தனம் நடத்தலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்த மனிதர் போயும் போயும் ஒரு ஜோடி பூட்ஸுக்காக என்னை விட்டுவிட்டுப் போனால் எனக்கு எப்படி இருக்கும்? ஆத்திரமாக இருந்தது. அழுகையும் வந்தது.

தையல் துணி வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, சுரங்கம் இருக்கும் மாரிகுப்பத்தில் இறங்கினேன். காலை ஷிஃப்ட் முடிந்து, ஆழத்திலிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வந்த ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஏனோக் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதே பூட்ஸ். முனை உருண்டையாக, உள்ளே இரும்புத் தகடு வைத்தது.

"வாசப்படியில அவுக்க முடியாத அளவுக்கு அந்தப் பூட்ஸ்ல இன்னாதான் இருக்குது?" என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

சுற்றிலும் பார்த்தார். ரோட்டோரம் வேப்பமரத்தடிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"இருக்கறத கேட்டா சொல்லலாம். இல்லாதத கேக்கறீங்களே" என்றார். "எடது கால்ல மூணு வெரலு கெடையாது. துணி அடைச்சிருக்கேன்."

நான் குனிந்து அந்த பூட்ஸைப் பார்த்தேன். அவர் விளக்கினார். வண்டியின் கியர் இடது பக்கம். அடியில் விரலைக் கொடுத்து மேலே தூக்க வேண்டும். செருப்புப் போட்டுக்கொண்டால் அவரால் தூக்க முடியாது, தூக்க வேண்டிய விரல் அங்கே இல்லை. இந்த பூட்ஸ் போட்டால் இரும்பு முனை அந்த வேலையைச் செய்துவிடும். ஏறி உட்கார்ந்து காட்டினார். கியர் கம்பியில் பூட்ஸ் 'டங்' என்று இடித்தது.

"இத எங்கப்பா கிட்ட சொல்லறதுக்கு இன்னா? அவரும் பள்ளத்துல எறங்கன ஆளுதானே? கை கால் போனவங்கள பாக்காதவரா?"

"அதனாலதான் பயம்" என்றார் ஏனோக். "வேற யாராச்சும் பாத்தா அய்யோ பாவம்னு சொல்லிட்டு விட்டுருவாங்க. டிம்பர் மேஸ்திரி பாத்தா ஒரு கேள்வி கேப்பாரு. அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல."

என்ன கேள்வி என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. எனக்கு மறுபடி கோபம் வந்தது.

"ஞாயித்துக்கெழம வந்து கழட்டுங்க. மறைச்சு வச்சுக்கினு நடக்கற கல்யாணம் எனக்கு வேணாம். வரலன்னா நான் பெங்களூருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். நடக்கும்போதே, அந்தத் துணி அடைப்பு உறுத்தாதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆகியும் சத்தமே இல்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோழிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. வரமாட்டார் என்று நான் தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தபோது தெருமுனையில் 'டங்' என்று கேட்டது.

ஏனோக் தனியாக வந்தார். அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். வலது பூட்ஸ் உடனே வந்துவிட்டது. இடது பூட்ஸுக்கு நேரம் பிடித்தது. துணி உருண்டை முதலில் கீழே விழுந்தது, பிறகு கால் வெளியே வந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எதிர்வீட்டு கிருஷ்ணம்மா தன் வீட்டு வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

அப்பா அந்தக் காலைப் பார்த்தார். எங்கள் ஊரில் அடிபட்டவனைப் பார்த்தால் முதலில் கேட்பதைத்தான், சுரங்கத்தில் எத்தனையாவது ஆழத்துத் தளம் என்றுதான், கேட்டார்.

"எந்த லெவல்?"

"எழுபத்தாறு. மரம் எறக்கறப்ப சங்கிலி நழுவி கால் மேல விழுந்துருச்சு."

"இரும்பு பூட்ஸ் போட்டிருந்தா வெரலு போயிருக்காதே. ஏன் போடல?"

இதுதான் அந்தக் கேள்வி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏனோக் தலையைத் தூக்கவில்லை.

"வீட்ல இருந்துச்சு மேஸ்திரி. அப்பதான் புதுசா குடுத்தாங்க. பளபளன்னு இருந்துச்சு. சேத்துல போட்டா கெட்டுப்போவும்னு பைக் ஓட்டறதுக்குன்னு எடுத்து வச்சிட்டு, பழசப் போட்டுக்கினு எறங்கிட்டேன்."

அப்பாவின் முகம் சிவந்தது. இதோ கத்தப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா விருட்டென்று உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அப்பாவின் காலடியில் ஒரு ஜோடி பூட்ஸைத் தொப்பென்று போட்டாள். மைன்ஸ் பூட்ஸ். அந்தக் காலத்துப் பெரிய பூட்ஸ், ஆனால் அடியில் ஆணிகூடத் தேயவில்லை.

"இத போட்டுக்கினுதானே நீங்க நம்ம கல்யாணத்துக்கு வந்தீங்க? அப்புறம் கிறிஸ்மஸுக்கு கிறிஸ்மஸ் போட்டீங்க. மத்த நாளெல்லாம் கிழிஞ்சதுக்கு சணல் சுத்திக்கினு கேஜ்ல எறங்கனது யாரு?"

அப்பா அந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் வந்தது. அடங்கினதும் நாற்காலியை விட்டு எழுந்து, படியில் ஏனோக் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் கால் மேல விழல" என்றார். "அவ்ளோதான் வித்தியாசம். எழுந்து வா, சோறு ஆறுது."

ஏனோக் வெறுங்காலோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். நான் அழுதுகொண்டே பரிமாறினேன், அதை யாரும் கண்டுகொள்ளாதது நல்லதாகப் போயிற்று.

அவர் புறப்படும்போது, ஃபிளானல் துணியில் பஞ்சு வைத்து நான் தைத்திருந்த சின்னத் திண்டைக் கொடுத்தேன். பூட்ஸ் முனையில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அப்பா என்னை முறைத்தார்.

"காலு தெரியும். கத தெரியாது."

வண்டி கிளம்பியது. ஒவ்வொரு கியருக்கும் ஒரு 'டங்', தெருமுனை வரைக்கும் கேட்டது. அப்பா தன் பழைய பூட்ஸைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஜெயசீலி, அவன் பைக்ல எத வேணும்னாலும் போட்டுக்கட்டும். கேஜ்ல எறங்கறப்ப இரும்பு பூட்ஸ் கால்ல இருக்குதான்னு பாக்கறது இனிமே ஒன் வேல."

கல்யாணமான பிறகு, ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் காலைப் பார்த்ததுதான் அதிகம்.