நகரும் ரூமுக்கு ஒரு படி

சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட, கடலூரில் நிறுத்தியிருக்கும் என் கேரவன் வண்டியில் பட்டனை அழுத்தினால், ஒரு பக்கச் சுவர் படுக்கையோடு வெளியே நகர்ந்து தனி ரூமாகிவிடும். பிச்சாவரம் போய் வருகிறவர்கள் சேற்றுக் காலோடு ஏறி ஏறி, உள்ளே இருந்த கார்ப்பெட் நாறிப்போனது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வினைல் தரை போட, என் மனைவியின் தம்பி கார்த்திகேசனைக் கூப்பிட்டேன். குறிஞ்சிப்பாடியில் வீடுகளுக்குத் தரை போடுகிறவன். கேரவனில் ஏறியதுகூட இல்லை.

ரூமை வெளியே தள்ளி வைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போனால் தரை வழுவழுவென்று இருந்தது. ஹாலும் ரூமும் சேரும் இடத்தில் ஒரு தேக்குச் சட்டத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தான். “நல்லா இருக்குடா” என்றேன். உள்ளே போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, ரூமை மூடப் பட்டனை அழுத்தினேன். நகர்ந்து வந்த ரூம் சட்டத்தில் மோதி நின்றது. மோட்டார் உறுமியது. புது வினைல் சுருண்டு எழுந்தது.

“அறிவிருக்காடா? இங்க எவன்டா படி வைக்கச் சொன்னது?”

“ரூமுன்னா படி இல்லாமயா மாமா? நகரும்னு நீங்க சொல்லவே இல்லியே.”

“சொல்லலன்னா? கேரவன்ல எவனாவது வாசப்படி வைப்பானா?”

கார்த்திகேசன் ஸ்க்ரூடிரைவரோடு சட்டத்தின் முன் குனிந்தான்.

“நீங்களும்தான் பாத்தீங்க மாமா. மிதிக்காம தாண்டித்தான் உள்ள போனீங்க. அதுவும் வலது கால வச்சி.”