வலது கன்னம்

பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு முகம் ஒன்றுதான். நிறம் மட்டும் இரண்டு. ஜன்னல் பக்கத்து வலது கன்னம் வெயிலுக்குச் சொந்தம். இடது கன்னத்தில்தான் பெற்றவர்கள் கொடுத்த நிறம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நம் ஓட்டுநருக்கு வலது கண்ணோரம் தொடங்கித் தாடை வரை சுருக்கம் விழுந்து, தோல் கறுத்துத் தடித்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. வயது நாற்பத்தாறுதான். அதை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. கண்ணாடி என்பது பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதற்கு என்று இருந்த மனிதர் அவர்.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது மகளின் பள்ளிக்கூடத்தில்.

மகள் அந்த வருடம்தான் பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம் கணக்குப் பரீட்சை. ஜாமெட்ரி பாக்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். காலை ஷிப்ட் முடித்து வந்தவர் மேஜைமேல் அதைப் பார்த்ததும், வேர்த்து ஊறிய சட்டையைக்கூட மாற்றாமல், மழிக்காத தாடியோடு எடுத்துக்கொண்டு ஓடினார். வகுப்புக்கு வெளியே மகளைப் பிடித்துக் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போனாள். இவர் திரும்பி நாலு அடி வைப்பதற்குள் செருப்பு வார் கழன்றுகொண்டது. தூணுக்குப் பின்னால் குனிந்து அதைச் சரி செய்துகொண்டிருந்தபோதுதான் வகுப்பு வாசலில் பேச்சு கேட்டது.

"யாரும்மா அது, தாத்தாவா?" புதிதாக வந்திருந்த வகுப்பு டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமா டீச்சர்" என்றாள் மகள்.

டீச்சர் கேட்டது அவருக்கு வலிக்கவில்லை. பார்க்கிறவர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். பெற்ற பெண் கூசாமல் ஆமா என்று சொன்னதுதான் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வாரை மாட்டிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. வகுப்புக் கதவு சாத்தப்படும்வரை குனிந்தே இருந்துவிட்டு வெளியே வந்தார்.

அன்று சாயங்காலம் மகள் வழக்கத்துக்கு மாறாக ஓடியாடி அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். "பாக்ஸ் மட்டும் வரலைன்னா நான் அவ்வளவுதான்ப்பா" என்றாள். அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கவா முடியும்? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு தீர்ப்புக்கு வந்தார். தப்பு பிள்ளைமேல் இல்லை, இந்த மூஞ்சிமேல்.

அவருடைய பேருந்தின் நடத்துநருக்கு டிப்போவில் பெயர் புதுமாப்பிள்ளை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. காரணம், நாள் முழுக்க டிக்கெட் கிழித்துவிட்டு இறங்கினாலும் முகம் அப்போதுதான் பந்தலுக்கு வந்தவர் போல இருக்கும். மறுநாள் வண்டி கிளம்பக் காத்திருந்தபோது ஓட்டுநர் கேட்டார்.

"ஏம்ப்பா, மூஞ்சிக்கு நீ என்ன போடுற?"

புதுமாப்பிள்ளை சந்தேகமாகப் பார்த்தார். "அண்ணே, வேணாம். ஏற்கெனவே டிப்போவுல என் மானம் கப்பலேறிக் கெடக்கு."

"கிண்டல் இல்லப்பா. எனக்குத்தான் கேக்குறேன்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. எத்தனை வருடமாக யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தாரோ! "மூணே சாமான்தாண்ணே. குளிக்கிற சோப்பை மூஞ்சிப் பக்கமே கொண்டு போகாதீங்க, காஞ்சு போயிடும். ஃபேஸ்வாஷ் வாங்குங்க. காலையில ஒரு தடவை, வேலை முடிஞ்சு வந்து ஒரு தடவை. போட்டுத் தேய்க்கக் கூடாது. தொடச்சிட்டு, ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். காலையில வெளிய கெளம்புறதுக்கு முன்னாடி அதுக்கு மேல சன்ஸ்க்ரீன். அதை மட்டும் விட்டுடாதீங்க, உங்களுக்கு அதுதான் உசுரு."

"வெளுக்கறதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"நாம என்ன துணியாண்ணே, வெளுக்கறதுக்கு? தோலு நல்லா இருந்தா போதாதா?"

மருந்துக்கடையில் மற்றவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்று, பிறகுதான் அந்த மூன்றையும் தாழ்ந்த குரலில் கேட்டார். ஏதோ கூடாத சாமான் வாங்குகிறவரைப் போலப் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் முகத்தைக் கழுவினார். சீக்கிரமே மூக்கோரம் தோல் உரிந்தது. "பஸ்ஸைக் கழுவுற மாதிரி கழுவாதீங்கண்ணே, அது மூஞ்சி" என்று புதுமாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு நாள் சன்ஸ்க்ரீனைக் கண்ணிமை வரைக்கும் அப்பிக்கொண்டு வந்து, வெயில் ஏறி வேர்வை வழிந்ததும் கண் எரிந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்ட, வண்டியை நிறுத்தத்தில் ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநருக்கு வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து ஓர் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ஒண்ணுமில்லைங்க, க்ரீம் கண்ணுல பட்டுடுச்சு" என்று சொல்வதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றிலிருந்து கண்ணைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டுத்தான் பூசினார்.

அவர் மனைவி தையல் பட்டறையில் மேற்பார்வையாளர். ஒரு நூல் பிசகினாலும் பிடித்துவிடும் கண்ணுக்கு மூன்று ட்யூப் தப்புமா?

"ஏங்க, குளியலறை அலமாரியில என்னென்னமோ நிக்குது. யாரு அவ?"

"நீதான்."

"நான்னா கல்யாணத்தன்னைக்கே பூசியிருக்கணும். இது வேற யாருக்கோ" என்று சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அவள் சொன்னது உண்மைதான், வேறு ஒருத்திக்காகத்தான். அந்த வேறு ஒருத்தி பக்கத்து அறையில் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளும் ஒரு நாள் காலையில் பார்த்துவிட்டாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. அப்பா கண்ணாடி முன்னால் நின்று வலது கன்னத்துக்கு மட்டும் சன்ஸ்க்ரீன் பூசிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஏன் ஒரு பக்கம் மட்டும்?"

"வெயில் அந்தப் பக்கம்தானே அடிக்குது பாப்பா."

"சூரியன் என்ன, உங்க ஜன்னல் சீட்டுக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கா? முன்னாடி கண்ணாடி வழியா வராதா?" அவள் சிரித்த சிரிப்பில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு பக்கமும் பூசினா ட்யூப் பாதியிலயே தீந்துடும். கெட்டுப்போன பக்கத்துக்குத்தானே வைத்தியம்?" என்று அவர் வீம்பு பிடித்தார். ஆனாலும் அந்தச் சிரிப்பு அவருக்கு இனித்தது. மகள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. சிரித்து முடித்தவள், "திடீர்னு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கேட்டாள். "சும்மாதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுருக்கம் எங்கும் போய்விடவில்லை. வருடக்கணக்காக வாங்கிய வெயிலை எந்த ட்யூபும் துடைத்துவிடாது. ஆனால் சொரசொரப்பு அடங்கியது. உதட்டோர வெடிப்பு ஆறியது. ஒழுங்காக மழித்துக்கொள்ளும் பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது. கையால் தடவிப் பார்த்தால் ஒரு மனிதனுடைய கன்னம் மாதிரி இருந்தது. ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் ஏறும்போதே, "தம்பி, ஆஸ்பத்திரி வந்தா சொல்லுப்பா" என்றார். தம்பி! அந்த அம்மா கண் ஆபரேஷனுக்குத்தான் போகிறார் என்று புதுமாப்பிள்ளை சொன்னதை ஓட்டுநர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சந்தோஷம் பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வரும்வரைதான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி சொன்னாள். "எனக்கு அன்னைக்கு லீவு கெடைக்காது, ஆர்டர் போகணும். நீங்க போங்க. இப்பதான் மூஞ்சி மின்னுதே."

மகளின் கை தட்டிலேயே நின்றது. "அம்மா, நீ கொஞ்ச நேரமாவது வர முடியாதா?"

அந்தக் குரலில் இருந்த பயம் ஓட்டுநருக்கு மட்டும் புரிந்தது. மறுநாள் வண்டி ஓட்டும்போது மனம் முழுக்க அதிலேயே ஓடியது. இப்போது போய் அந்த டீச்சர் முன்னால் அப்பா என்று நின்றால் என்ன ஆகும்? அன்றைக்குத் தாத்தா என்று வந்தவர் நீங்கள்தானே என்று கேட்பார். பிள்ளை பொய் சொன்னது வெட்டவெளிச்சமாகும். புதுப் பள்ளிக்கூடத்தில், மற்ற பெற்றோர் எல்லாம் உட்கார்ந்திருக்க, அவள் கூனிக்குறுகி நிற்க வேண்டும். முகம் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். அந்த முகம் சரியானதே, இனி தாத்தா என்று சொன்னாலும் யாரும் நம்பாதபடி, இப்போது வினையாக வந்து நின்றது. அவருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்றிலிருந்து ட்யூப்களை அவர் தொடவில்லை. மழிக்கவும் இல்லை. "என்னண்ணே, மூஞ்சி ஸ்டிரைக் பண்ணுதா?" என்று புதுமாப்பிள்ளை கேட்டபோது வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கூட்டத்தன்று காலை மனைவி வேலைக்குப் போன பிறகு, கொடியில் கிடந்த தொளதொளப்பான பழைய சட்டையை மாட்டிக்கொண்டார். படிப்பதற்கு மட்டும் போடும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். தாடையில் வெள்ளை முடி குத்திட்டு நின்றது. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே திருப்தியாக இருந்தது.

தலை பின்னிக்கொண்டு வந்த மகள் அப்படியே நின்றாள். "அப்பா, என்ன இது கோலம்? ஷேவ் பண்ணல, க்ரீம் போடல."

"நேரமாச்சு பாப்பா, கெளம்பு. டீச்சர் கேட்டா தாத்தான்னே சொல்லிடு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் லீவு கெடைக்கலன்னு நான் சொல்லிடுறேன். ஒண்ணும் பயப்படாத." நிறுத்தம் மாறிப் போனதைப் பயணிக்கு எடுத்துச் சொல்கிறவர் போலத்தான் சொன்னார். கோபம் துளியும் இல்லை.

மகளின் முகம் வெளிறிப்போனது. "அன்னைக்கு… உங்களுக்குக் கேட்டுச்சா?"

"செருப்பு வார் கழண்டிருச்சு. தூணுக்குப் பின்னாடிதான் இருந்தேன்."

"அப்பவே ஏன்ப்பா என்னைக் கேக்கல? நல்லாத் திட்டியிருக்கலாம்ல?"

"எதுக்குத் திட்டணும்? பாக்கறதுக்கு அப்படித்தானே இருந்தேன்."

அவள் அழுதிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எல்லாரோட அப்பாவும் கார்ல வந்து எறங்குறாங்க. நீங்க வேர்வையும் தூசியுமா நின்னீங்க. டீச்சர் தாத்தாவான்னு கேட்டதும் பட்டுன்னு வாயில வந்துடுச்சு. அன்னைக்கு பரீட்சையில ஒரு கணக்கும் ஓடலப்பா." பிறகு நிமிர்ந்தாள். "அதுக்காகத்தான் அந்த க்ரீம் எல்லாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

விறுவிறுவென்று குளியலறைக்குப் போய் மூன்று ட்யூபையும் அள்ளிக்கொண்டு வந்தாள். "மொதல்ல ஷேவ் பண்ணுங்க. மூஞ்சி கழுவுங்க. அப்புறம் இங்க வந்து உக்காருங்க."

"லேட்டாகுது பாப்பா."

"ஆகட்டும்."

அவர் மழித்து, முகம் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் உள்ளங்கையில் பிதுக்கி, முதலில் மாய்ஸ்சரைசர், பிறகு சன்ஸ்க்ரீன் என்று வரிசையாகப் பூசிவிட்டாள். நெற்றி, மூக்கு, கழுத்து, காது மடல், இரண்டு கன்னம். "ட்யூப் தீந்துடும்" என்று அவர் முனகியபோது, "தீந்தா வேற வாங்கலாம், ஆடாம இருங்க" என்று அதட்டினாள். கண்ணைச் சுற்றி மட்டும் ஒரு விரல் இடம் விட்டாள். வலது கன்னத்துக்கு வந்ததும் அவள் விரல் மெதுவானது. எத்தனை வெயில் பட்டிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் அந்தக் கன்னத்தில்தான் முகத்தை வைத்துத் தூங்குவாள். அது ஞாபகம் வந்ததும் அவர் கன்னத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தார்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வகுப்பறைக்குள் நுழைந்தபோது மற்ற பெற்றோர்கள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் முறை வந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே மதிப்பெண் தாளை எடுத்தார்.

"வாங்க சார். நீங்கதான் அப்பாவா? அன்னைக்கு பாக்ஸ் கொண்டு வந்தவர் தாத்தா, இல்லையா?"

ஓட்டுநர் தயாராகத்தான் இருந்தார். "ஆமாங்க, அவரு எங்க…" என்று தொடங்கியும்விட்டார்.

"இல்ல டீச்சர்." மகள் எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் பின்பெஞ்சு வரை கேட்டது. "அன்னைக்கு வந்ததும் இவர்தான். எங்க அப்பா. பஸ் ஓட்டுறார். டூட்டி முடிச்சு நேரா எனக்காக ஓடி வந்தார். நான்தான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

நாலைந்து தலைகள் திரும்பின. டீச்சர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல், "உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு மதிப்பெண் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "இங்க கையெழுத்துப் போடுங்க சார். அப்பான்னு போட்டிருக்கே, அதுக்கு நேரா."

அவர் படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். எந்த இடம் என்று தெரியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

"என்னாச்சு சார்?"

"ஒண்ணுமில்லைங்க. க்ரீம் கண்ணுல பட்டுடுச்சு."

கண்ணைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டுப் பூசியவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.