காலிக் கட்டங்கள்

"அம்மா, நம்ம தெருவுல யாருக்குமே கால் வலிக்காதா?"

மகள் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள். மடிக்கணினித் திரையில் தங்கள் தெருவின் பெயரைக் கண்டுபிடித்த குஷியில், அதற்கு நேரே 'நடக்க முடியாதவர்கள்' என்ற தலைப்பின் கீழ் இருந்த எண்ணையும் படித்துவிட்டாள். சைபர்.

தையல்காரியான அம்மா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மருத்துவமனை வரை நடக்க முடியாதவர்கள் எந்தெந்தத் தெருவில் அதிகமோ, அங்கே நடமாடும் மருத்துவ வண்டி வந்து நிற்கப் போகிறது. அதற்கான கணக்கெடுப்பை அலசித் தருவது நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தரவு அறிவியல் வகுப்பின் பொறுப்பு. திங்களன்று அட்டவணை சுகாதார அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்த வகுப்பில் படிக்கும் அவள்தான் அட்டவணையைப் பிழை நீக்கிச் சுத்தம் செய்தவள். காலியாகக் கிடந்த கட்டங்களையெல்லாம் ஒரே கட்டளையில் சைபரால் நிரப்பியபோது, துணியின் பிசிறை வெட்டி முடித்தாற்போல் நிம்மதியாக இருந்தது.

அவள் வகுப்புக்குப் போகும் நேரமெல்லாம் மகளைப் பார்த்துக்கொள்பவர் மாடி வீட்டு அக்கா. மூட்டு வீங்கி, சுவரைப் பிடித்து நடக்கிறவர். நன்றிக்குத் தலையணை உறை தைத்துக் கொண்டுபோனால், "பிள்ளைய வெச்சுக்க எனக்குக் கூலியா? போடி, எடுத்துட்டுப் போ!" என்று விரட்டுவார். அந்த அக்காவின் தெருவில்தான் வண்டி நிற்காமல் போகப் போகிறது.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றாள். "டீச்சர், தப்புப் பண்ணிட்டேன். காலியா இருந்தா யாரும் இல்லைன்னு நெனச்சுட்டேன். யாரும் பதில் சொல்லாததால காலியா இருந்திருக்கு."

ஆசிரியை அவளைவிட இளையவள். பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் புரட்டிவிட்டு நெற்றியில் கை வைத்தாள். கணக்கெடுத்தவர்கள் போனது நடுப்பகலில். வேலைக்குப் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடந்தன. மற்ற வீடுகளில் இருந்தவர்களோ, எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாதவர்கள்.

"சுத்தமா இருக்குன்னு பாராட்டினது நான்தானே? பாதித் தப்ப என்கிட்ட குடுத்துடுங்க."

"தப்புலகூடப் பங்கு கேக்கறாங்கப்பா!" என்றார் பின்வரிசை பஸ் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரிக்கு மூச்சு வந்தது.

"எங்க தெருவுல எத்தனை பேர்னு எனக்கே தெரியும் டீச்சர். இப்பவே போட்டுடவா?"

"தெரிஞ்ச தெருவுக்குப் போட்டுடலாம். தெரியாத தெருவுக்கு என்ன பண்றது?" குரலில் கடுமை இல்லை. "நாளைக்குச் சாயங்காலம் போவோம். கதவு திறக்கற வரைக்கும் நிப்போம்."

தன் தெருவை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, தையல்காரி அடுத்த தெருக்களை எடுத்துக்கொண்டாள். தன் ஆசை எண்ணில் கலந்துவிடக் கூடாதே. மூடிய கதவுகளுக்குப் பின்னால் மெல்ல நகரும் காலடிகளைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்துத் தெருவிலிருந்து டிரைவரின் குரல் வந்தது: "நிதானமா வாங்கம்மா, நீங்க வராம வண்டிய எடுக்க மாட்டேன்!"

புதிய பட்டியலில் அவள் தெரு மூன்றாவது. வண்டி நிற்க அது போதும். தப்பைச் சொல்ல நாக்கையும், அதைத் திருத்த இத்தனை கால்களையும் தந்தவனுக்கு அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள்.

வண்டி வந்த காலையில் அக்கா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"பாத்தியாடி? நான் வாய் திறந்து கேக்கவே இல்ல. வாசலுக்கே அனுப்பி வெச்சிருக்கான் ஆண்டவன்!"

"ஆமாக்கா. பாத்து இறங்குங்க."

அக்கா சொன்னதில் பொய் ஏதும் இல்லையே. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். அக்கா ஏறியதும் வண்டியின் கதவு சாத்திக்கொண்டது. அக்காதான் முதல் ஆள்; தெருவில் இன்னும் வேறு யாரும் வரவில்லை. வாசலிலிருந்து அவள் உள்ளே போய் ஊசியில் நூலைக் கோத்தாள்.