தலை தேய்த்த திருகாணிகள்

மூன்றாவது திருகாணியிலேயே டிரில் பிட் முறிந்தது. முறிந்த துண்டு மரத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. வாசலில் சவ வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு அவர் வேறொரு வீட்டுக்குப் போக வேண்டும். கூடத்தில் நின்றவர்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தச்சருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மொத்தம் ஒன்பது திருகாணிகள். மாடிப்படி தச்சரின் கூடத்திலிருந்துதான் ஏறியது. படியடியில் இருந்த கதவை, மூன்று வருடங்களுக்கு முன் தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம், அவரே நிலையோடு சேர்த்து முடுக்கினார். அப்பா வீட்டைத் தன் பெயருக்கு எழுதிவிட்டார், அக்கா மாடியைக் காலி செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட வழக்கு. கோர்ட்டும் அப்படியே சொல்லிவிட்டது. முடுக்கியதோடு விட்டாரா? அரத்தை எடுத்து ஒவ்வொரு திருகாணியின் தலையில் இருந்த வெட்டையும் தேய்த்து வழவழப்பாக்கினார். இனி எமனே வந்தாலும் கழற்ற முடியாது என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார். தொழில் தெரிந்தவன் கெடுதல் செய்தாலும் அதில் ஒரு சுத்தம் இருக்கும்.

அடுத்த வாரமே அக்கா தடை வாங்கிவிட்டாள். அப்பா எழுதிக்கொடுத்தபோது அவருக்கு நினைவே சரியாக இல்லை, அந்தப் பத்திரம் செல்லாது என்று அவள் போட்டிருந்த இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது பொய் என்று தச்சர் கோர்ட்டில் சொன்னார். தனக்குள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அந்த வழக்கு முடியும்வரை தீர்ப்பை நிறைவேற்றக் கூடாது, இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்றது உத்தரவு. ஆகவே அக்காவும் மாடியில் இருந்தாள், திருகாணிகளும் கதவில் இருந்தன. அவளும் அவள் மகளும் போக வர மிஞ்சியது பின்சந்திலிருந்து ஏறும் இரும்புச் சுழல் படிதான். ஓர் ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஏறும் அகலம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவள் படியிறங்கி வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டாள்.

"தம்பி, முழங்கால் சொன்னபடி கேக்க மாட்டேங்குது. இந்தக் கதவ மட்டும் திறந்துவிடேன். கேஸ் பாட்டுக்கு நடக்கட்டும்."

அவர் உள்ளே போய்ப் போனில் வக்கீலைக் கேட்டார். திறந்தால் அவளுக்கு இந்த வழியில் பாத்தியதை இருப்பதாக ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்றார் வக்கீல். தச்சர் திரும்பி வந்து கதவைப் பார்த்துச் சொன்னார்: "கோர்ட்டு இருந்தபடியே இருக்கணும்னு சொல்லியிருக்கு. நான் என்ன பண்ண முடியும்?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "அதுவும் சரிதான். கோர்ட்டுக்கு முழங்கால் வலிக்காதே."

இன்று காலை மருந்து வாங்கிக்கொண்டு சுழல் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா மகள் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். மூன்று வருடத்தில் அந்த வாசல்படியை அவள் மிதித்தது அதுவே முதல் தடவை. "மாமா, அம்மா போயிட்டாங்க," என்றாள். தச்சர் தலையை ஆட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

"அக்கா போயிட்டா, சார். இப்ப தடை நிக்குமா, விழுந்துடுமா?"

மகள் வழக்கில் சேராவிட்டால் தானாக விழுந்துவிடும் என்று வக்கீல் சொன்னார். நல்லது என்று சொல்லித் திரும்பினால் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். சுழல் படியில் அம்மாவை இறக்க முடியாதாம், கதவைத் திறக்க முடியுமா என்று கேட்க வந்திருந்தாள். அதை மட்டும்தான் கேட்டாள். தச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. கருவிப் பெட்டியை எடுக்கும் சாக்கில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார்.

இரண்டாவது பிட்டும் முறிந்தது. பிடிக்க வெட்டு இல்லாமல் டிரில் வழுக்கி வழுக்கி மரத்தைத்தான் கிழித்தது. வண்டிக்காரர் கிட்டே வந்தார். இதற்குமேல் காத்திருக்க முடியாது, நாற்காலியோடு சேர்த்துக் கட்டி அந்தச் சுழல் படியிலேயே நிமிர்த்தி இறக்கிவிடலாம், பீரோவை அப்படித்தானே இறக்குகிறார்கள் என்றார். அவர்மேல் குற்றமில்லை, வழிதான் சொன்னார்.

"வேணாம்," என்றார் தச்சர். "அக்கா இந்த வழியாத்தான் வருவா."

கடப்பாரையை எடுத்தார். முப்பது வருடமாக நிலை வைத்துப் பழகிய கை அது; ஒரு நிலையையும் உடைத்ததில்லை. திருகாணி பிடித்திருந்த பக்கத்தை நெம்பிப் பிளந்தார். மரம் சிராய் சிராயாகத் தெறித்தது. படியின் பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு, அக்கா போட்டுத்தான் வைத்திருப்பாள், அதையும் உடைக்க வேண்டியிருக்கும் என்று மூச்சைப் பிடித்துத் தோளைக் கொடுத்து இடித்தார். கதவு சட்டென்று விலகியது. நிற்க முடியாமல் முதல் படியில் போய் விழுந்தார்.

முழங்கையில் ரத்தம் வந்தது. யாரோ தூக்கிவிட வந்தார்கள். வேண்டாமென்று அவரே எழுந்து மேலே போனார்.

தலைப்பக்கத்தை அவர்தான் பிடித்தார். அக்கா கனக்கவே இல்லை. கூடத்தைக் கடக்கும்போது அவர் மனைவி நாற்காலிகளை ஒதுக்கி வழிவிட்டாள். வண்டியின் கதவைச் சாத்திவிட்டு வண்டிக்காரர் முன்னால் ஏறிக்கொண்டார். அக்கா மகள் ஏறப்போனவள், ஒரு கால் வண்டிப் படியிலிருக்கத் திரும்பினாள். அவள் குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே ஏதோ தப்பு நடந்துவிடும் என்று பயப்படுவதுபோல் கேட்டாள்.

"கதவ உடைச்சதுக்குக் கோர்ட்டுல உங்கள ஏதாவது சொல்லுவாங்களா மாமா? வந்ததும் பழையபடி முடுக்கிடுங்க. கேஸ் இன்னும் முடியலல்ல."

நீ முன்னாலே போ, நான் பின்னாலே வருகிறேன் என்று தச்சர் கையால் காட்டினார்.

சட்டை மாற்ற உள்ளே வந்தவர் படியடியில் நின்றார். தாழ்ப்பாள் விலக்கியபடியே இருந்தது. விரலால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. கட்டைவிரலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். பல மழைக்கால ஈரத்தில் ஏறிய துரு, அதைத் திறந்த இடத்திலேயே பிடித்துவைத்திருந்தது.